பாடம் கேட்ட தோழி

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த காலம். எனக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. புவியியலில் கோட்டை விட்டிருந்தேன். பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உயர்தரம் வரை போன முதல் பெண்பிள்ளை நான். முடிவு கேட்க வந்தவர்கள் யாரும் ஏசவில்லை. “அடுத்த தடவ பாத்துக்கலாம் பிள்ள” என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

திரும்பவும் எழுதுவதற்காக அம்மா என்னைக் கண்டி டவுனில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார். கொஞ்ச நாள் போனேன். பிறகு காலையில் எழும்பவே மனம் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒன்றும் உள்ளே இறங்காது. மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மா, போர்வைக்குள் கிடக்கும் என்னைப் பார்த்து, “ஒடம்புக்கு முடியலன்னா சொல்லும்மா, டாக்டர்கிட்ட போவோம்” என்பார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. என்னவென்று சொல்வது? சும்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு நாள் பின்னேரம்தான் என் தோழி எனக்குப் போன் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். திகனயில் அவள் அப்பாவுக்கு நூல், பொத்தான், சிப் விற்கிற ஒரு சின்னக் கடை. அவளும் என்னைப் போலப் புவியியலில் தவறியவள்தான்.

“வாப்பாக்கு சொகமில்ல. கடையில நான்தான் ஈக்கிறேன். கிளாஸுக்கு வர ஏலாது. நீ போய்ட்டு வந்து, சேர் செஞ்ச பாடத்த எனக்குச் செல்லித் தா.”

நான் வகுப்பை விட்டுவிட்டதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்றுவிட்டேன். சொன்ன வாக்குக்காக அடுத்த வகுப்புக்கு பஸ் ஏறினேன். எனக்காகப் போகவில்லை. பின்னேரம் அவள் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில்தான் போனேன்.

பின்னேரங்களில் போனில் பாடம் சொல்வது அப்படியே தொடர்ந்தது. அவள் லேசில் விடமாட்டாள். “எங்க திகனயில வெயில் கொளுத்துற நேரம் ஒங்க பக்கம் மட்டும் ஏன் மழ?” என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்று புத்தகத்தைப் புரட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மலை அதை எப்படி மறிக்கிறது என்று தேடிப் படித்து மறுநாள் சொன்னேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நானாக ஆசைப்பட்டுப் படித்தது அதுதான். இடையிடையே கடைக்கு ஆள் வந்தால் “பொட்டக் இன்ன” என்று சிங்களத்தில் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, “ம், நீ செல்லு” என்பாள். வாப்பா எப்படி என்று கேட்டால், “ஈக்கிறாரு” என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள். நானும் அதற்கு மேல் கேட்கமாட்டேன். என் கதையே எனக்குப் பெரிதாக இருந்த காலம் அது.

பரீட்சை வந்தது. புவியியல் தாளை நன்றாகவே எழுதினேன். அவளுக்கு வேறு மண்டபம் என்று நினைத்திருந்தேன். கடைசித் தாள் முடிந்த சந்தோஷத்தில் நேராகத் திகன பஸ் ஏறினேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள், ஒரு அம்மாவுக்கு லேஸ் அளந்துகொண்டு. அவர் போனதும் கேட்டேன்.

“பேப்பர் எப்படி?”

அவள் மீதி லேஸைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். “நான் எழுதல்ல. அப்ளிகேசனே போடல்ல.”

வாப்பாவுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் வராமல் போய்விட்டதாம். தங்கச்சிமார் சின்னப் பிள்ளைகள், கடையை மூட முடியாது. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் எங்கிட்ட பாடம் கேட்ட?”

“நீ கிளாஸ விட்டது அங்க வார பிள்ளைகள் செல்லி எனக்குத் தெரியும். நான் கேக்காட்டி நீ போயீப்பியா?” என்றாள். லேஸ் சுருளை மேசையில் வைத்துவிட்டு, “முழுக்க ஒனக்காகவும் இல்ல. நீ செல்லச் செல்ல, நானும் எழுதப் போற மாதிரி ஈந்திச்சி. அப்ளிகேசன் டேட் முடிஞ்ச பொறகு ஒனக்கிட்ட செல்ல வாய் வரல்ல” என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, அவள் எத்தனை முறை சிரித்துப் பேச்சை மாற்றியிருக்கிறாள் என்பதுதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

நான் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனேன். அவளையும் எழுத வைக்க எவ்வளவோ முயன்றேன். “பொறகு பாப்போம்” என்பாள். அவள் இன்னும் எழுதவில்லை. கடை நன்றாக நடக்கிறது, வாப்பா கோல் ஊன்றி நடக்கிறார். ஆனாலும் நான் படிக்கும் பாடத்தைப் பற்றி இப்போது அவள் என்னிடம் ஒன்றுமே கேட்பதில்லை.

மனம் சோர்ந்து புத்தகத்தைத் தொட முடியாமல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள் என்று அவளிடம் கற்றதைச் சொல்கிறேன். ஆனால் சிரித்துப் பேச்சை மாற்றுகிற ஒருவரைக் கண்டால் மட்டும் அப்படியே விட்டுவிட இன்றைக்கும் மனம் வருவதில்லை. ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.