மூன்று பென் டிரைவும் ஒரு முன்னறையும்

அடுத்தவர் கிறுக்கல்களை டைப் அடித்துத் தருவதுதான் அவளுக்குத் தொழில். எல்லோரும் டைப்பிங் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

வீட்டு முன்னறையில் அவள் வைத்திருந்த கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. அதை ஓட்டும் பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது, புதியதோ இந்த மெஷினில் ஏறாது. செய்தி கேட்டதும் அதே வீட்டின் பின்பக்கம் குடியிருந்த அண்ணனுக்கு வாயெல்லாம் பல். டைல்ஸ் கடைக்காரரான அவருக்கு அந்த அறைமேல் ரொம்ப நாளாக ஒரு கண்.

"மெஷின் போச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடும்மா. சரக்கு அடுக்கிக்கறேன். உனக்கு எங்க பக்கம் ஒரு கட்டில் போட்டா போதாதா?"

கட்டிலாம் கட்டில்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷின் போகாதுண்ணே."

லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டால் பழைய கம்ப்யூட்டர் பெட்டியும் ஓடும், அதில் பல வகை உண்டு என்று சொன்னது அண்ணனின் மாப்பிள்ளை. சொன்னதோடு நிற்காமல் தனக்குப் பிடித்த வகையைப் போட்டும் கொடுத்தார். சதா புதுசு புதுசாக அப்டேட் வருமாம், அதுதான் அதன் பெருமையாம். பார்க்கப் பகட்டாகத்தான் இருந்தது. சில நாளில் ஒரு அப்டேட் முடிந்ததும் திரை கறுத்துவிட்டது. போன் போட்டுக் கேட்டாள்.

"டெர்மினல்ல நாலு கமாண்ட் அடிங்க அத்தை, சரியாயிடும்."

"திரையே இல்ல. எதுல அடிக்க மாப்பிள்ளை, சுவத்துலயா?"

இனி யார் சிபாரிசும் வேண்டாம் என்று முடிவு கட்டினாள். புதியவர்களுக்கு ஒத்துவரும் என்று பேரெடுத்த மூன்று லினக்ஸைத் தேடி, பிரவுசிங் சென்டரில் மூன்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மெஷினில் பதிக்காமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதில் ஒரு வசதி. அழகை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தமிழ் கீபோர்டு வர வேண்டும், தன் கிழட்டு பிரிண்டர் வேலை செய்ய வேண்டும், அடிக்கடி ஆட்டம் காட்டக் கூடாது. முதல் இரண்டு பென் டிரைவும் அவளுக்குச் சரிப்படவில்லை. மூன்றாவதில் இருந்த லினக்ஸின் பெயர் மின்ட். மெனு பழகிய மூலையிலேயே இருந்தது. பிரிண்டர் சொல்லாமலே சேர்ந்துகொண்டது. ஒரு பதிப்புக்கு வருஷக்கணக்கில் அப்டேட் வரும் என்று வேறு படித்திருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டாள். மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு நாவலின் அத்தியாயத்தை அந்த மின்டிலேயே முழுக்க அடித்து, சேவ் செய்து, மெஷினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து போட்டால் அத்தியாயத்தைக் காணோம். பென் டிரைவில் ஓடுவது வெறும் ஒத்திகை, அணைத்ததும் எல்லாம் துடைத்துப் போய்விடும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் டைல்ஸ் பெட்டிகளைச் சுமந்து வந்து கதவோரம் இறக்கினார்.

"இதுவும் போச்சா? விடும்மா, உனக்கெதுக்கு இந்த வம்பு?"

அவள் காதில் வாங்கவில்லை. இன்ஸ்டால் பட்டனை அழுத்தினாள். பழையதை அழித்துவிடட்டுமா என்று மெஷின் கேட்டது. அழி என்றாள். பதிந்து முடிந்ததும் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து மறுபடி அடித்தாள். விரல் வலித்தது, நிறுத்தவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அத்தியாயம் பத்திரமாக இருந்தது. பிரிண்டர் கரகரவென்று பக்கங்களைத் தள்ளியது.

சத்தம் கேட்டு வந்த அண்ணனின் முகம் தொங்கிப்போனது.

"இன்னிக்கு ஓடுது. என்னைக்காவது போகத்தானே போகுது?"

"போகட்டும். வேற பழைய பெட்டி வாங்கி நானே இதைப் போட்டுக்குவேன். மெஷின் போனா நானும் போகணும்னு சொன்னது நீ. நான் சரின்னு சொன்னேனா? இந்த வீட்டைக் கட்டினவர் உனக்கு மட்டுமா அப்பா? உன் டைல்ஸ் பெட்டியை எடுண்ணே."

அண்ணன் பெட்டிகளைப் பார்த்தார்.

"ஒத்தை ஆளா எப்படிம்மா தூக்கறது?"

"கொண்டு வரும்போது எப்படித் தூக்கினே?"