இரண்டு பங்கு சாப்பிட்ட சினாட்சு

குவாபாரா மிட்சுயோ நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் முதலில் கையைக் கழுவுவார், பிறகுதான் வணக்கம் சொல்வார். சுகாதார நிலையத்தின் உணவு ஆய்வாளர் அம்மாள் ஆயிற்றே. பசிக்குத்தான் வந்தேன் என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

ஜூலையில் ஒரு நாள், மதிய உணவு முடிந்த கையோடு, ஆற்றோரத் தொடக்கப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தார்கள். மாலைக்குள் எல்லோரும் தேறி எழுந்துவிட்டார்கள். பழியில் விழுந்து எழ முடியாமல் போனவர் பள்ளியின் தலைமைச் சமையல்காரர் தோக்கியேதான். அவருடைய சமையற்கூடத்தைப் பூட்டியாயிற்று. தவறு அங்கேதான் என்று உறுதியானால் இனி வெளியூர் நிறுவனத்தின் டப்பாச் சாப்பாடுதான் என்று கல்வி அலுவலகத்தில் பேச்சு.

மறுநாள் குவாபாரா வகுப்புக்கு வந்து, நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மீன் வறுவல், மிசோ சூப், சோறு, பால். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை என்றார்கள் ஒரே குரலில். ஆசிரியர் இவாசாக்கி பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? ஒரு பருக்கையைக்கூட வீணாக்க விடாதவர் அவர். அன்று ஏனோ சுவரைப் பிடித்தபடி நின்றார்.

அதே பாத்திரத்திலிருந்து சாப்பிட்ட மற்ற வகுப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வகுப்பிலும் சினாட்சு என்ற சிறுமி குத்துக்கல்லாட்டம் இருந்தாள். மிஞ்சிய மீனுக்காக நடந்த கல்-காகிதம்-கத்தரிப் போட்டியில் ஜெயித்து இரண்டு பங்கு சாப்பிட்டவளே அவள்தான்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா ஒண்ணும் ஆகல?"

"தெரியல மேடம். பல் டாக்டர்கிட்ட போயிட்டு சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தேன்." அவள் முகம் சுருங்கியது. "அதுக்குள்ள உருளைக்கிழங்க காலி பண்ணிட்டாங்க. எனக்குன்னு ஒண்ணுகூட வைக்கல."

"எந்த உருளைக்கிழங்கு?"

பள்ளித் தோட்டத்தில் அவர்களே நட்டது. தோண்டி எடுத்து, ஆளுக்கொன்றாகப் படம் வரைய ஒரு வாரம் ஜன்னலோர வெயிலில் வைத்திருந்து, முந்தின நாள் காலை வகுப்பில் வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். அது பாடம். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"தோலோடயா?"

"வீணாக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு," என்றது பின்வரிசை. "பச்சையா இருந்ததையும்."

குவாபாரா ஆசிரியரைப் பார்த்தார்.

"பெருசயெல்லாம் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டு, குட்டியா இருந்ததயெல்லாம் நான்..." என்ற இவாசாக்கி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சமையற்கூடத்தில் உறையவைத்திருந்த உணவு மாதிரிகளில் குறையில்லை, ஜன்னலோர வெயிலில் பச்சையேறி மிஞ்சிய கிழங்குகளின் தோலில்தான் நஞ்சு, அதிலும் குட்டிக் கிழங்குகளில் அதிகம் என்று சோதனை முடிவு வந்தது. பூட்டைத் திறந்த அன்றே இவாசாக்கி போய் தோக்கியேவின் முன் இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"குனிஞ்சது போதும் சார். தோல் சீவத் தெரியுமா? உள்ள வாங்க."

வாசலில் நின்ற குவாபாரா கையை நீட்டித் தடுத்தார். "மலப் பரிசோதனை முடிவு இல்லாம யாரும் உள்ள போகக் கூடாது. சார் வெளியில நின்னே கத்துக்கட்டும்."

தோக்கியே கண்ணாடித் தடுப்பை ஒட்டி வந்து நின்று, அவருக்கு நன்றாகத் தெரியும்படி, அன்றைய குழம்புக்கான முதல் கிழங்கின் தோலைத் தடிமனாகச் சீவினார்.