பீட்டா அழித்த டிஸ்க்

எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அந்த மனிதரை மருத்துவமனை முழுக்க ‘பீட்டா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மென்பொருளும் முழுதாக வெந்து இறங்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. ‘பீட்டா’ எனப்படும் சோதனைப் பதிப்பு வெளியான அன்றே தன் கணினியில் ஏற்றிவிடுவார். அது படுத்துவிட்டால் இன்னும் குஷி. ஒருமுறை மணிக்கட்டு உடைந்து வந்த ஒருவர், தன் லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தார். “கையை ஆட்டாதீங்க சார், ராம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க” என்று ஆரம்பித்தவர், வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் தட்டும்வரை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் அருமை பெருமைகளைப் பேசித் தீர்த்தார்.

வலைப்பதிவும் உண்டு. தினமும் டூட்டிக்குப் போகுமுன் குறிப்பு எழுதிவிடுவார். டெஸ்க்டாப் லினக்ஸில் என்ன புதுசு, எந்தப் புது சிப் எவ்வளவு சூடாகிறது, நேற்றுப் பார்த்த படம் எப்படி. படத்தில் யாராவது கணினியைத் தட்டினால் அங்கேயே நிறுத்தி, திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஓடுவது உண்மையான கட்டளை என்றால் கதாநாயகனுக்குக் கூடுதல் மதிப்பெண். அர்த்தமில்லாமல் ஓடும் வெற்றுப் பச்சை எழுத்து என்றால் இயக்குநருக்கு அர்ச்சனை. படிப்பவர்கள் இருபத்து மூன்று பேர். அவர் மனைவி அதில் இல்லை.

அந்த அம்மாள் எம்பிராய்டரிக்காரர். பள்ளிச் சின்னம், டாக்டர் கோட்டில் பெயர், குழந்தைகள் பையில் யானை என்று எல்லாவற்றையும் கணினியில் வரைந்து தையல் மெஷினுக்கு அனுப்புவார். ஒன்பது வருஷ வரைபடங்கள் அத்தனையும் ஒரே ஒரு சின்ன டிஸ்க்கில். இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று இருபத்து மூன்று பேருக்கு வாரம் தவறாமல் உபதேசம் செய்கிறவர், மனைவியின் டிஸ்க்கை மட்டும் ‘அடுத்த வாரம்’ என்று வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வந்தார். இதை என்னவென்று சொல்ல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லினக்ஸின் புதுப் பதிப்பு வெளியானது. பீட்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதைப் பென் டிரைவில் எழுத ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அது கேள்வி கேட்காத கட்டளை. எந்த டிஸ்க்கைக் காட்டுகிறோமோ, அதன் தலையில் ஏறி எழுதிவிடும். அதனால் என்னென்ன செருகியிருக்கிறது என்று முதலில் பட்டியல் போட்டுப் பார்ப்பது வழக்கம். அவருக்கு ஏது நேரம்? தட்டினார். மேசையில் பென் டிரைவின் விளக்கு எரியவில்லை. பக்கத்தில், அதே கணினியில் செருகிக் கிடந்த மனைவியின் டிஸ்க்கில் விளக்கு படபடவென்று எரிந்தது.

நான்கே நொடியில் நிறுத்திவிட்டார். அதற்குள் டிஸ்க் காலி என்று காட்டியது.

மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. பக்கத்து அறைக்குப் போய் அப்படியே சொன்னார்.

“எத்தனை போச்சு?”

“எல்லாம்.”

அந்த அம்மாள் மெஷினை அணைத்தார். திட்டியிருந்தால் பீட்டாவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். “நான் போய் அழுதுட்டு வரேன். அதுக்குள்ள நீங்க தேடி எடுங்க” என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே என்று குறித்துவைக்கும் தலைப்புப் பகுதிதான் போயிருந்தது. பின்னால் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதை ஓடவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று வந்தது. நாற்பது வந்தது. மதியத்துக்குள் நானூற்றுச் சொச்சம்!

“வந்துடுச்சும்மா! ஓடி வா!” என்று அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் சன்னலில் எட்டிப் பார்த்தார்.

பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. எல்லாம் வெறும் எண்கள். திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். திறந்தால் ஊசி போகும் வழி திரையில் கோடு கோடாக ஓடியது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு புள்ளி, ஒரு வளைவு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே யானைக்குத் தும்பிக்கை முளைத்தது. பீட்டா வாயைப் பிளந்தார். “அடேயப்பா! இது படம் மாதிரியில்ல ஓடுது!”

“ஒன்பது வருஷமா இப்படித்தான் ஓடுது” என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இது பல் டாக்டர் கோட்டு. இது நீச்சல் கிளப். அடுத்தது.”

இப்படியே இருநூறு தாண்டியது. அப்போது ஒரு மீன் வந்தது. செதில்மேல் செதிலாக, நாற்பதாயிரம் தையல். அந்த அம்மாள் திரைக்கு அருகே குனிந்தார்.

“இது எந்த ஆர்டர்?”

“ஆர்டர் இல்ல. நானே அழிச்சது. இது எப்படி வந்துச்சு?”

“அழிச்ச ஃபைலும் உள்ளேயே கிடக்கும். தோண்டினா சேர்ந்து வந்துடும்” என்று உற்சாகமாக விளக்கப் புகுந்தவர் பாதியில் நிறுத்தினார். “இவ்ளோ நல்லா இருக்கு. ஏன் அழிச்சே?”

“முதல் வருஷம் வரைஞ்சேன். இருபது நாள் ஆச்சு. ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘ம்ம், சூப்பர்’னு சொன்னாரு. தலையைத் திருப்பவே இல்ல. ஏதோ சிப் வெளியீடு பாத்துக்கிட்டிருந்தாரு.”

பீட்டாவுக்கு அந்த சிப் நினைவுக்கு வந்தது. அதன் வேகம், விலை, அதைப்பற்றி எழுதிய மூன்று பக்கக் குறிப்பு எல்லாம் வந்தது. மீன் வரவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

“தப்பும்மா. பெரிய தப்பு” என்றார். பிறகு, “இதைத் தைக்கலாமா? இப்பவே?”

“பழைய மெஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு.”

“இது புது மெஷின். அறுந்தா நான் கோத்துத் தரேன்.”

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நீல நூலை எடுக்கப் போனார், கொஞ்சம் வேகமாகவே.

புதுப் பதிப்பு எப்படி என்று கேட்டு இருபத்து மூன்று பேரில் பாதிப் பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஃபோன் அடுத்த அறையில் கிடந்து அதிர்ந்தது. மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நூல் அறுந்தபோதெல்லாம் கண்ணைச் சுருக்கிக் கோத்துக்கொடுத்தார் பீட்டா. வால் முடிந்தது. துடுப்பு முடிந்தது.

“இப்பப் பாருங்க, செதில் ஆரம்பிக்குது” என்று மனைவி திரும்பினார். அவர் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருந்தார்.