சூசை அண்ணன் பாதியில் அணைத்த அடுப்பு

சூசை அண்ணன் போய்விட்டார்.

விடியற்காலையில் ஹார்ட் அட்டாக். அவர் மகள் போன் செய்து சொன்னாள். "போன வாரங்கூட உங்கப்பா நல்லாகீறாரான்னு கேட்டாரு ஆன்ட்டி" என்று ஒரே அழுகை.

அண்ணன் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். எனக்குக் கல்யாணமான புதிதில், 2001 வாக்கில், ராயபுரத்தில் நாங்கள் மாடி போர்ஷன், அவர் கீழ் போர்ஷன்.

மதம் விட்டு மதம் கட்டிக்கொண்ட ஜோடி என்று தெரிந்ததும் வீடு இல்லை என்றவர்கள்தான் அதிகம். ஓனரிடம் போய் எங்களுக்காகப் பேசியவர் இவர். முன்னே பின்னே எங்களைத் தெரியாது!

கிறிஸ்துமஸ் என்றால் அந்தத் தெரு முழுக்க பிரியாணி வாசம். அண்ணன் வீட்டில் மட்டும் முழுக்கோழி ரோஸ்ட்.

ஓவன் எல்லாம் கிடையாது. வினிகர், மிளகு, பூண்டு தடவி, கோழியின் காலைச் சணலால் கட்டி, பெரிய தேக்சாவில் வைத்து மூடுவார். கீழே கரி அடுப்பு, மூடி மேலேயும் கரி நெருப்பு. வாசலில் விசிறியும் கையுமாகக் காவல் உட்கார்ந்துவிடுவார்.

நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. பெண்டாட்டி கேட்டாலும் சரி... "மூடியத் தொட்டே, கைய ஒடச்சிருவேன்."

கூடவே தேங்காய்ப்பால் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பீட்ரூட் பச்சடி. "கோழி சும்மா ஷோவுக்குத்தாம்மா. சைடு டிஷ்தான் சோத்த உள்ள எறக்கும்" என்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா என்னோடு பேசவில்லை. ஒன்றரை வருஷம். அவர் இருந்த வியாசர்பாடி ஒன்றும் வெளிநாடு இல்லை, பஸ் ஏறினால் அரை மணி நேரம்... ஆனால் வரவில்லை.

அந்த வருஷம் திடீரென்று என் தம்பி போன் செய்தான். "அப்பா கிறிஸ்துமஸ் அன்னிக்கு உன் வூட்டுக்கு வராராம்." நேராகக் கீழே ஓடி சூசை அண்ணனிடம்தான் சொன்னேன்.

"உங்கப்பாருக்கு லெக் பீஸ் புடிக்குமா? அப்ப இந்த வாட்டி ரெண்டு கோழியா வெச்சிடுறேன்."

கிறிஸ்துமஸ் அன்று பதினொரு மணி. தேக்சாவிலிருந்து வாசம் தூக்குகிறது. கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறேன்... அப்பா. கறுப்பு வேட்டி. கழுத்தில் ஐயப்பன் மாலை.

கார்த்திகை பிறந்தால் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தே வளர்ந்தவள் நான். அப்பா வருகிறார் என்ற சந்தோஷத்தில் அதையே மறந்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

கறி வாசம் அடிக்கிற வீட்டுக்குள் மாலை போட்டவர் எப்படி வருவார்? அப்பா கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்படியே திரும்பினார். நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன்.

"சாமி, ஒரு நிமிஷம் நில்லுங்க!"

சூசை அண்ணன்தான். அடிபம்பிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து, கீழ் அடுப்பிலும் மூடி மேலும் அப்படியே ஊற்றினார். புஸ்ஸென்று ஒரே புகை, சாம்பல். கோழி பாதிகூட வெந்திருக்காது.

தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் அவர் தம்பி வீட்டில் வைத்துவிட்டு வந்தார். வாசலைக் கழுவினார். தலைக்குக் குளித்தார். அத்தனை நேரமும் அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மொட்டை மாடியில் மூன்று செங்கல் அடுப்பு. என் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து, அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடந்த, கறி படாத குக்கர்.

"வெங்காயம், பூண்டு சேக்கலாமா சாமி?"

"வேணாம்பா."

"சர்தான். அப்ப சும்மா நிக்காம தேங்காயத் துருவிக் குடுங்க."

அப்பா உட்கார்ந்து துருவினார்! "மாலையப் போட்டுகினு மனசுல கோவத்த வெச்சிக்கக் கூடாது. அதான் வந்தேன்" என்று தேங்காயைப் பார்த்தே சொன்னார்.

"அப்ப வருஷம் பூரா போட்டுகினே இருங்க சாமி, பொண்ணு பொழச்சிக்கும்" என்றார் அண்ணன். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தேங்காய்ப்பால் சோறு, உருளைக்கிழங்கு, பீட்ரூட் பச்சடி. கோழி மட்டும் இல்லை. மாடியிலேயே இலை போட்டேன். அப்பா பாதி சாப்பாட்டில் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் பீட்ரூட்டு வையி" என்றார்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. பச்சடியை இலைக்கு வெளியே கொட்டினேன்.

அந்தக் கோழி ராத்திரி சூசை அண்ணனின் தம்பி வீட்டில் குழம்பாகிவிட்டது. ரோஸ்ட் போச்சே என்று அண்ணன் மகள் ஒரு வாரம் என்னோடு டூ.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறு வாரமே அப்பா வந்தார், கையில் இரண்டு கோழியோடு. என் வீட்டுக்கு இல்லை... நேராக சூசை அண்ணன் வீட்டுக்கு. மூடியைத் தொடப்போய் முதல் நாளே திட்டும் வாங்கினார்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. இந்த வருஷமும் மாலை போட்டிருக்கிறார். மாலை போட்டவர்கள் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அதனால் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு, "நீங்க வர வேணாம்பா" என்றேன்.

போனில் கோயில் மணிச் சத்தத்துக்கு நடுவில் அப்பா சொன்னார்:

"சொந்தத்துல சாவுன்னா மாலையக் கழட்டித்தாம்மா ஆவணும். கோயிலாண்டதான் கீறேன். கழட்டிக் குடுத்துட்டு வரேன், நீ முன்ன போ."

சூசை அண்ணே... நிம்மதியா தூங்குங்க. அப்பா வந்துகினே கீறாரு.