ரசீது கேட்காதவன் எழுதும் ரெண்டு வரி

போன செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் எலி கடித்த பழைய நோட்டுப் புத்தகங்கள். என் ரெண்டு ஏக்கர் குத்தகை நிலைக்குமா போகுமா என்பது அவற்றில்தான் இருந்தது.

சொல்கிறேன்.

எங்கள் பக்கம் குத்தகை வாய்ப்பேச்சுதான். அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லை நிலத்துக்காரர் வீட்டில் இறக்குவேன். ரசீது கேட்டதில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். காப்பி கொடுப்பார்... குடித்துவிட்டு வருவேன்.

அவர் காலமானார். சிங்கப்பூரிலிருந்து மகன் வந்தார். நிலத்தை விற்கப் போகிறாராம்.

"நான் சாகுபடி பண்றேனே தம்பி" என்றேன்.

"எதுல எழுதியிருக்குங்க?"

மரியாதையாகத்தான் கேட்டார்.

அப்போது எங்கள் ஊருக்கு வந்தவள் இளம் வக்கீல் மலர்விழி. பூம்புகார்ப் பக்கம். அம்மா மீன் விற்கிறார். சட்டம் படிக்க ஒரு அறக்கட்டளை ஃபீஸ் கட்டியது. முடித்த பிறகும் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. ஒரே கண்டிஷன் – காசு கொடுக்க முடியாதவர்களின் கேஸைத்தான் பார்க்க வேண்டும்.

என் மனைவி நம்பவில்லை. "ஃபீஸ் வாங்காத வக்கீலா? கேஸு வெளங்குன மாதிரிதான்."

"தோத்தாலும் ஃபீஸ் கிடையாதும்மா" என்றாள் மலர்விழி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரசீது, சீட்டு, ஏதாச்சும் இருக்கா ஐயா?"

"இல்லம்மா."

யோசித்தாள். "வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"முறை வைப்போம். ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை மணி நேரம்னு. மடை தொறந்து தன் வயலுக்குத் தண்ணி விட்டுக்குற ஆளு நோட்டுல கையெழுத்துப் போடணும். இல்லன்னா மம்பட்டிய தூக்கிருவானுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். "இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீ ரசீதுதானம்மா கேட்ட."

பாசன சங்கத்துச் செயலாளர் வீட்டுப் பரணில் பழைய நோட்டெல்லாம் கிடந்தன. மூன்று நாள் தூசியில் உட்கார்ந்து தேடினாள். தண்ணீர் குறைந்த வருஷமெல்லாம் அந்த வயலுக்கு நேரே என் கையெழுத்து. நல்ல மழை வருஷங்களில் ஒன்றும் இல்லை. பஞ்சம்தான் எனக்குச் சாட்சி!

கூடப் படித்தவர்கள் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறார்களாம். "நீ மட்டும் ஏம்மா டவுன் பஸ்ல அலையுற?" என்று கேட்டேன்.

"எனக்கு ஜன்னல் சீட்டு புடிக்கும் ஐயா."

செவ்வாய்க்கிழமை தாசில்தார் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஏதோ முறைத் தகராறில் சாட்சியாகப் போட்டது. மகன் எட்டிப் பார்த்தார்.

"இது அப்பா கையெழுத்து" என்றார். தாசில்தார் கேட்டதற்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

குத்தகைதாரர் என்று என் பெயர் பதிவானது. இனி நிலத்தை யார் வாங்கினாலும் என்னை லேசில் எழுப்ப முடியாது.

படிக்கப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. படித்தவர்கள் நம்மைப் போன்றவர்கள் பக்கத்தில் நிற்கவும் பணம் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்... அவர்கள் விவரமானவர்கள். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாளே, அவள் அதைவிடப் பெரியவள்.

ஃபீஸ்தான் இல்லை, தேங்காயாவது எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள். "அறக்கட்டளைல அடுத்த வருஷத் தொகைக்கு, உதவி கெடச்சவங்க கடிதம் கேக்குறாங்க ஐயா. ரெண்டு வரி எழுதிக் குடுங்க. போதும்."

நான் அதிகம் பேசாதவன். இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ரெண்டு வரி என்று ஆரம்பித்தேன், பக்கம் முடிந்துவிட்டது. அச்சில் வந்ததும் இதையே கத்தரித்து அனுப்பப் போகிறேன்.

கையெழுத்தும் போட்டுத்தான்.