ஆறாவது டீ

தமிழ்க்குமரனுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் எழுந்து போய்விடுவான். பஸ் கம்பியைக் கைக்குட்டை வைத்துத்தான் பிடிப்பான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் ஷிப்ட் பார்த்தவன், கேன்டீன் தட்டில் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை. அவன் அப்பா சிவப்பிரகாசத்துக்குப் பாகூர் ஏரிப் பாசனத்தில் ஆறு காணி நஞ்சை இருந்தது. அம்மா அமுதம், "எம்புள்ள ரொம்ப சுத்தம்" என்று வாய் ஓயாமல் பெருமை பேசுவாள். வீட்டுக்கு ஒரே பிள்ளை வேறு. யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படிப்பட்டவன் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினான். முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருஷம் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று ஒரு விசா. குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது. அந்த ஒரு வருஷத்துக்குள் பண்ணையில் எண்பத்தெட்டு நாள் வேலை பார்த்ததாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னொரு வருஷம் தங்கலாம். வாங்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சேதராப்பட்டு ஷிப்டுக்குத் திரும்பவே கூடாது என்று அவன் கங்கணம் கட்டியிருந்தான். சிவப்பிரகாசமோ, பிள்ளை அங்கே விவசாயக் கம்பெனியில் ஆபீசர் என்று பாகூர் பூராவும் சொல்லி வைத்திருந்தார்.

ஆபீசர் முதல் எட்டு மாதம் மெல்போர்னில் ஓர் ஓட்டலில் எச்சில் தட்டு கழுவினார். பாதி தின்ற மாட்டுக்கறித் துண்டு, அதில் குத்தி அணைத்த சிகரெட், எவளோ கடித்துத் துப்பிய எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் கையால் வழித்துப் போட வேண்டும். ராத்திரி சாப்பாடு இறங்காது. விசா காலம் கரைந்துகொண்டே வந்தது, பண்ணையில் ஒரு நாள்கூட ஏறவில்லை. பயந்துபோய்ப் புதுச்சேரியில் விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்டைக் கூப்பிட்டான். உங்க ஊர்ப் பையனே ஒருத்தன் பழத்தோட்டத்தில் இருக்கிறான் என்று அவர் ஒரு நம்பர் கொடுத்தார்.

அந்தப் பையன் ஜெயசீலன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில் இருக்கும் ஜோஸ்பினுடைய மகன். இருபது வருஷமாகச் சிவப்பிரகாசத்தின் வயலில் நாற்று நடுகிறவள் ஜோஸ்பின். நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்க்குமரன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வேறு வழி இல்லாமல் கூப்பிட்டான். ஜெயசீலன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பஸ் ஏறி வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நிறுத்தத்துக்கே காரில் வந்து, பையை வாங்கிப் பின்னால் போட்டான். தமிழ்க்குமரன் இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

குவீன்ஸ்லாந்தில் மண்டரின் ஆரஞ்சு விளைகிற ஒரு சின்ன ஊர் அது. பழம் பறிக்க வந்தவர்கள் தங்குவதற்கென்று ஒரு பழைய கட்டடம். ஓர் அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். தமிழ்க்குமரன் உள்ளே நுழைந்ததும் ஈரக் காலுறை நாற்றம் முகத்தில் அடித்தது. சமையலறைத் தொட்டியில் வெந்த சேமியா அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நின்றது, அதன் மேல் எண்ணெய் மிதந்தது. பிரெஞ்சுக்காரன் ஒருவன் வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டு அதே காலோடு வந்து சோபாவில் சம்மணம் போட்டான். அன்றைக்கே ஒரு பாட்டில் டெட்டால் வாங்கித் தன் கட்டிலைத் துடைத்தான். யாராவது உட்கார்ந்து எழுந்த நாற்காலியையும் அவர்கள் கண்ணெதிரிலேயே துடைத்துவிட்டுத்தான் உட்காருவான். அவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பதாகத்தான் அவன் நினைத்தான்.

தோட்டத்தில் இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை. கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு, காம்பைக் கத்தரியால் நறுக்கிப் பறித்து, ஓர் ஆளே உள்ளே படுக்கிற அளவு பெரிய தொட்டியில் கொட்ட வேண்டும். தொட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஜெயசீலன் அவனைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டான். ஏணி ஏறி உச்சிக் கிளையை அவன் பார்த்தான், கீழ்க்கிளை தமிழ்க்குமரனுக்கு. கீழ்க்கிளையில் சிலந்திக்கூடும் பறவை எச்சமும் மருந்துப் படிவும் இருந்தன. அழுகிய பழத்தில் விரல் புதைந்தால் தமிழ்க்குமரன் கையை உதறிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவான். அவன் திரும்பி வருவதற்குள் ஜெயசீலன் இரண்டு பை கொட்டியிருப்பான். தொட்டியில் முக்கால்வாசி அவன் பறித்ததுதான், எழுதுவதோ இரண்டு பேர் பெயரிலும். அவன் இதைச் சொல்லிக் காட்டியதே கிடையாது. "பழகிடும் தமிழு" என்பான். ஊரில் தன் முன்னால் நின்று பேசாதவன் இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே என்று தமிழ்க்குமரனுக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்றது. அப்படிச் சுருக்கென்றதற்காக வெட்கமும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஜெயசீலனின் ஓட்டைக் காரில் ஓடைக்குப் போவார்கள். கலங்கல் தண்ணீரில் ஆணும் பெண்ணும் தொபுக்கென்று குதிப்பார்கள். ஒரே பீர் பாட்டில் நாலு வாய்க்குப் போகும். தமிழ்க்குமரன் கரையில் துண்டை விரித்து அதன் நடுவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவான். பூங்காவில் இறைச்சி சுடும்போது புகை தன் பக்கம் வராத இடமாகப் பார்த்து நகர்ந்துகொள்வான். ஆனால் செல்போனில் படம் எடுக்கும்போது மட்டும் நடுவில் போய் நின்று பல்லைக் காட்டுவான். அந்தப் படத்துக்குப் பாகூரிலிருந்து இதயமும் கைதட்டலுமாகக் குவியும். ஜெயசீலன் இருக்கிற ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் போடுவான்.

அறுபத்து மூன்று நாள் ஆகியிருந்தபோது ஒரு நாள் காலையிலிருந்து மழை. ஈரப் பழத்தைப் பறித்தால் தோல் கெட்டுவிடும் என்று வேலைக்கு விடுமுறை விட்டார்கள். சமையலறையில் எல்லோரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கிணறு எப்போதோ தாண்டிவிட்ட சந்தோஷத்தில் தமிழ்க்குமரனுக்கு அன்று அதிசயமாக மனசு இளகியிருந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, பால் காய்ச்சி, ஆறு பேருக்கு டீ போட்டான். அலமாரியிலிருந்து பீங்கான் கப்பாக எடுத்து எடுத்து ஊற்றி, ஐந்து பேருக்குக் கொடுத்தான். ஆறாவது ஜெயசீலனுக்கு. அதற்கு மட்டும் அவன் கை அலமாரிக்குப் போகாமல், பூங்காவுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப் கட்டுக்குப் போனது. ஒன்றை உருவி, டீயை ஊற்றி, மேஜையில் வைத்தான்.

அலமாரியில் இன்னும் மூன்று பீங்கான் கப் கவிழ்த்து வைத்திருந்தது.

மற்ற ஐந்து பேருக்கும் இதில் ஒன்றும் தெரியாது. அர்ஜெண்டினாப் பெண் இஞ்சி வாசனையை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயசீலன் பேப்பர் கப்பைப் பார்த்தான். அலமாரியைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் தமிழ்க்குமரனுக்கே தான் செய்தது தெரிந்தது. அவன் வீட்டில் நடவு ஆட்களுக்கு முன்னெல்லாம் தனி அலுமினிய டம்ளர். காலம் மாறிவிட்டது, யாராவது புகார் எழுதிவிடுவார்கள் என்று சிவப்பிரகாசம் அதை நிறுத்திவிட்டு, கடையில் கட்டுக் கட்டாகப் பேப்பர் கப் வாங்கிப் போட்டார். கழுவுகிற வேலை மிச்சம் என்பாள் அமுதம். வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர், வயலுக்குப் போகிற டீக்குப் பேப்பர். அந்தப் பேப்பர் கப்பில்தான் ஜோஸ்பின் பத்து வருஷமாக வரப்பில் நின்று குடிக்கிறாள். ஜெயசீலன் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குப் போனான்.

மறுநாள் தோட்டத்தில் அவன் அர்ஜெண்டினாப் பெண்ணோடு ஜோடி சேர்ந்துகொண்டான். தமிழ்க்குமரன் மதியம் வரை பொறுத்துப் பார்த்தான். இடைவேளையில் போய் நின்றான்.

"இன்னா ஜெயா, நான் இன்னா பண்ணேன்னு வேற ஆளோட சேந்துகினே?"

"நேத்து டீ குடுத்தியே."

"கப்பு கைக்குக் கிடைக்கலப்பா. வேணும்னேவா பண்ணுவன்?"

ஜெயசீலன் கத்தரியில் ஒட்டியிருந்த இலையைத் துடைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினான். "வேணும்னே பண்ணியிருந்தா அங்கியே சட்டையப் புடிச்சிக் கேட்டிருப்பன். நீ யோசிக்கவே இல்ல தமிழு. உங்கை தன்னால போச்சு. ரெண்டு மாசமா அந்தக் கையோடதான் ஒரே தொட்டில பழம் போட்டன்னு நெனச்சா எனக்குக் கொமட்டுது."

கூச்சல் போட்டிருந்தால் தமிழ்க்குமரன் பதிலுக்குக் கூச்சல் போட்டிருப்பான். அவனோ குமட்டுகிறது என்றான். வாழ்க்கை முழுக்க அவன் மற்றவர்களைப் பார்த்து மூக்கைச் சுளித்திருக்கிறான். அவனைப் பார்த்து ஒருவர்கூடச் சுளித்ததில்லை. ஜெயசீலன் முகத்தில் இருந்தது கோபமாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினான். அது கோபம் இல்லை. எச்சில் தட்டில் சிகரெட்டைப் பார்த்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

சாரி என்று சொல்லிப் பார்த்தான். ஜெயசீலன் சரி, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

வேறு ஜோடி தேடினான். தைவான்காரனைக் கேட்டதற்கு, நான் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்கிறவன் நான் பறித்த பழத்தை என்ன செய்வாய் என்று சிரிக்காமல் கேட்டான். பிரெஞ்சுக்காரன் தலையை மட்டும் ஆட்டினான். இத்தனை நாளும் அவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கவில்லை, கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தனியாகப் பறித்தான். சாயங்காலம் வரை முக்கினாலும் அரைத் தொட்டி தாண்டவில்லை. அழுகல் பழத்தில் விரல் போனாலும் இப்போது குழாய்க்கு ஓடவில்லை, சட்டையில் துடைத்துக்கொண்டு பறித்தான். சட்டை புளித்து நாறியது. அறைக்குள் வந்தால் தன்னிடமிருந்து வருகிற நாற்றமே அவனுக்குத் தாங்கவில்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையை நம்ப முடியவில்லை, அந்தக் கையால் சாப்பிடவும் பிடிக்கவில்லை.

சீசன் முடிகிற நேரம். மெதுவாகப் பறிக்கிறவர்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் கழித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை சமையலறைக் கதவில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. எழுபத்து நாலு நாள் ஆகியிருந்தது. பதினாலு நாள் குறைவு. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும் ஆள் எடுக்கவில்லை, விசாவில் மிச்சம் இருந்ததே மூன்று வாரம். ஜெயசீலன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். ஜெயசீலனின் அறை வாசல் வரை போனான். பாதி திறந்திருந்த கதவு வழியாக அவன் துணி மடிப்பது தெரிந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, அந்தக் கையைப் பார்த்து, தட்டாமல் திரும்பிவிட்டான்.

மறுநாள் மதியம் பையை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள். காலையில் நடவுக்கு வந்த ஜோஸ்பின் எல்லோருக்கும் நடுவில் சொல்லியிருக்கிறாள், அவள் மகனும் இவனும் ஒரே கூரைக்குக் கீழே தங்கி, ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறார்களாம். படம்கூட வைத்திருக்கிறாளாம். அமுதத்துக்கு மானம் போய்விட்டது.

"நெசமாடா அது? நம்ம வூடு இன்னா, அவங்க வூடு இன்னா. அவன எதுக்குடா கிட்ட சேத்துக்கினே?"

ரோட்டில் பழம் ஏற்றிய லாரி ஒன்று போனது.

"நான் எங்கம்மா சேத்துக்கறது. அவந்தான் என்னை சேத்துக்க மாட்டேன்ட்டான்."

லாரிச் சத்தத்தில் அமுதத்துக்குக் கேட்கவில்லை. இன்னா சொன்னே என்றாள். அவன் இன்னொரு தடவை சொன்னான்.