பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால்

சுவிஸ் மலையூரான டாவோஸில் மகளின் ஹேண்ட்பால் போட்டிகள் முடிந்து எங்கள் ஊர் எம்மன்புரூக்கேக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். பின்னிருக்கையில் அவளுடைய அணித் தோழிகள் உறங்குகிறார்கள். இன்னும் இருட்டவில்லை. ஆனாலும் பனி கொட்டுகிற வேகத்தில் சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு வளைவில் நான் ஓட்டிவரும் கார் வழுக்கி, தடுப்புக் கம்பியை உரசி நிற்கிறது.

பின்னால் வந்த பனி தள்ளும் வண்டியின் சாரதி இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுகிறார். அவருடைய மலைநாட்டு ஜெர்மன் எனக்குப் பாதிதான் விளங்குகிறது.

"என்னவாம்?" என்று பக்கத்தில் இருக்கும் மகளைக் கேட்கிறேன்.

"தான் முன்னுக்குப் போறாராம். தன்ர லைட்டை மட்டும் பாத்துக்கொண்டு வரட்டாம். பயமோ எண்டும் கேக்கிறார், அம்மா."

"ஓம் எண்டு சொல்லு."

அவள் சொல்கிறாள். அவர் சிரிக்கவில்லை.

"தனக்கும் பயம்தானாம்."

அதன்பின் உலகத்தில் அந்த மஞ்சள் விளக்கு மட்டுமே இருக்கிறது. அது சுழலும்போதெல்லாம் பனித்துகள்கள் பொன்னாகி மறைகின்றன. பிள்ளைகளின் மூச்சு கண்ணாடிகளில் படிகிறது. கார் ஓடுகிறதா, மிதக்கிறதா என்றே தெரியவில்லை.

அடிவாரத்தில் பனி மழையாகிறது. கறுப்புத் தார்ச்சாலை தெரிகிறது. அவர் ஒதுங்கி வழிவிடுகிறார். நான் கையசைக்கிறேன்.

"அம்மா, நாங்கள் எல்லா மேட்சும் தோத்ததை அப்பாவிட்ட நீங்களே சொல்லுறீங்களோ?"

அவர்கள் தோற்றது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.